ஆள் நடமாட்டம்: இல்லை

ஆள் இல்லாத வீட்டில் முதலில் காய்வது குளியலறைத் தரை. அதனால் காலி வீட்டைச் சோதிக்கப் போகிறவர்கள் கூடத்தையும் படுக்கையறையையும் சுற்றிச் சுற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்கக் கூடாது. நேராகக் குளியலறைக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைத் தரையில் வைக்க வேண்டும். கண் ஏமாறும், கால் ஏமாறாது. இதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தர மாட்டார்கள். நானாகக் கண்டுபிடித்தது.

மேடம், வாயால் சொன்னாலே போதும் என்றீர்கள். நான் எழுதியே தருகிறேன். பேசும்போது நீங்கள் என் முகத்தைப் பார்க்கிறீர்கள், நடுநடுவே தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறீர்கள். அதைக் கேட்டால் எனக்குப் பேச்சு நின்றுவிடுகிறது. தவிர, என் கையெழுத்து நன்றாக இருக்கும். எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பெருமையடிக்காத நாளில்லை.

என் வேலையைப் பற்றி உங்கள் காகிதத்தில் 'காவலாளி' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். நான் ஆய்வாளர். பட்டம் வாங்கியவள். சொந்தக்காரர்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள், பங்குத் தகராறில் பூட்டிக் கிடக்கும் வீடுகள், விற்பனைக்குக் காத்திருக்கும் வீடுகள் என்று பதினோரு வீடுகள் என் பொறுப்பில் இருந்தன. வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பேன். கதவு இடுக்கில் செருகிய காகிதத் துண்டு விழாமல் இருக்கிறதா, சன்னல் கொக்கிகள் சரியா, தண்ணீர் மீட்டர் நகர்ந்திருக்கிறதா, ஒவ்வோர் அறைக்கும் ஒரு படம். பிறகு ஒரு படிவம். படிவத்தின் கடைசி வரி 'ஆள் நடமாட்டம்'. அதற்கு எதிரே 'இல்லை' என்று எழுதினால் எல்லோருக்கும் நிம்மதி. 'உண்டு' என்று எழுதினால் அன்றே உங்கள் காவல்துறையிலிருந்து ஆட்கள் வருவார்கள். உள்ளே இருந்தவரைத் தெருவில் நிறுத்திப் படம் எடுப்பார்கள். பெயர், ஊர், உறவு எல்லாம் கேட்பார்கள். அத்தனை நாள் எப்படித் தெரியாமல் போயிற்று என்று எங்கள் அலுவலகம் ஆய்வாளரைக் கேட்டு வேலையைவிட்டு அனுப்பிவிடும்.

யாருமே படுக்காத படுக்கையறைகளைக் காவல் காப்பதில் எனக்குக் கோபம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு வீட்டில் நாய்க்கென்று தனி அறை இருந்தது. நாய் செத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. நான் வாரா வாரம் அந்த அறையையும் படம் எடுத்து அனுப்பினேன். ஆனால் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். வேலைக்குச் சேர்ந்தபோது அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

சாவியைத் திருப்பும் ஓசை உள்ளே போய் எல்லா அறைகளையும் தொட்டுவிட்டுத் திரும்பி வரும். அது வரும்வரை நான் வாசலிலேயே நிற்பேன். முழுசாகத் திரும்பி வந்தால் வீடு காலி. ஏதாவது ஓர் அறையில் கொஞ்சம் தங்கிவிட்டு வந்தால், அங்கே துணியோ உடம்போ இருக்கிறது. எனக்கு அது சின்ன வயதிலேயே தெரியும், ஏனென்றால் அந்தச் சாவியோசைக்கு மறுபக்கத்தில் வளர்ந்தவள் நான்.

இதை நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்கு வீடு இருந்ததில்லை. அம்மா வீடுகளில் கூட்டித் துடைக்கும் வேலை செய்தாள். மூடிக்கிடந்த ஓர் அச்சகத்தின் பின்னறையில் அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் நான்கு வருடம் இருந்தோம், யாருக்கும் தெரியாமல். எனக்கு அப்போது ஆறு வயது. அக்காவுக்குப் பதினொன்று. அம்மா வேலைக்குப் போகும்போது சட்டங்களைச் சொல்லிவிட்டுத்தான் போவாள். செருப்புப் போடக் கூடாது. விளக்குப் போடக் கூடாது. குழாய் வாயில் துணிநாடா கட்டி, அதன் நுனியை வாளியின் அடிவரை விட வேண்டும். தண்ணீர் துணியோடு வழுக்கிக்கொண்டு இறங்கும், சத்தம் வராது. முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும், ஆள் வந்தால் உருவிக்கொண்டு ஒளிவதற்கு.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று இருந்தது. அம்மா சொன்னபடியே எழுதுகிறேன்.

"வெளிய வேத்தாளு கூட நின்னா, உங்கள யாருன்னே தெரியாத மாதிரிதான் கூப்பிடுவேன். 'உள்ள யாருங்க'ன்னு கேப்பேன். மூச்சு விடக் கூடாது. பேரச் சொல்லிட்டு வர்றவங்களும் வேத்தாளுதான். நம்மாளு 'நான்தான்'னு மட்டும்தான் சொல்லும். அதக் கேட்டுட்டு வெளிய வாங்க."

ஒருமுறை உரிமையாளரின் ஆட்கள் கம்போடு வந்தார்கள். அம்மா அவர்களோடு நின்றுகொண்டு, தெருவில் போகிறவளைப் போல, "உள்ள யாருங்க" என்று கேட்டாள். எனக்கு அம்மா குரல் கேட்டதும் அழுகை வந்துவிட்டது. அக்கா தன் உள்ளங்கையை என் வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். சோப்பு மணக்கும் கை. அவர்கள் போகும்வரை எடுக்கவில்லை. நான் கடித்ததில் இரத்தம் வந்தது, அப்போதும் எடுக்கவில்லை. அந்தக் கை இல்லையென்றால் எனக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, பட்டமும் இல்லை. அக்கா இதை யாரிடமும் சொல்லிக்காட்டியதில்லை. நான்தான் அவ்வப்போது நினைத்துக்கொள்வேன், எரிச்சலோடு.

நான் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும்போது அம்மா இறந்துவிட்டாள். அதன் பிறகு அக்காதான் என்னைப் படிக்க வைத்தாள். அக்காவின் புருஷன் கை நீட்டுகிறவன். போன வருடம் அவள் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வந்தவள் நேராக என் அலுவலகத்துக்கு வந்தாள்.

எங்கள் மேலாளருக்கு 'பூட்டு சார்' என்று பெயர். இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து, நடந்தால் மாட்டுவண்டி போல் சத்தம். அவர் என் மேசை அருகே நின்றிருந்தபோதுதான் அக்கா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"குட்டி, இங்கதான் வேலையா? குளுகுளுன்னு இருக்கு."

"யாரும்மா இது?" என்றார் பூட்டு சார்.

"வீடு கூட்டுற வேலை இருக்கான்னு கேட்டு வந்திருக்காங்க சார்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். ஒரு தடவை கண்ணை இமைக்கும் நேரம்தான். பிறகு பையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டாள்.

"ஆமாங்கய்யா. மேடம்கிட்டதான் கேட்டுட்டு இருக்கேன். நல்லா கூட்டுவேன், தொடைப்பேன். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்."

பூட்டு சார் சிரித்தார். "அப்ப இங்க ஆகாதும்மா. எங்ககிட்ட இருக்கறதெல்லாம் வாயில்லாத வீடுங்க."

மாலையில் பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தாள்.

"மேடம்னு கூப்பிட்டேனே, எப்படி இருந்துச்சு?"

"சும்மா இரு அக்கா."

"எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. நம்ம வீட்ல ஒரு மேடம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒரு பத்து நாள் உன் ரூம்ல இருந்துக்கறேன்டி. ஒரு மூலை போதும்."

"ஹாஸ்டல்ல விடமாட்டாங்க."

விருந்தினர் பத்து நாள் தங்கலாம் என்று விடுதி வாசல் பலகையில் எழுதியிருக்கிறது. அக்கா அந்தப் பலகைக்குப் பக்கத்தில் எத்தனையோ முறை எனக்காக நின்றிருக்கிறாள்.

"பதினோரு வீட்டுச் சாவிய வச்சிருக்க. ஒரு பாய் விரிக்க இடமில்லையா உன்கிட்ட?"

"அது அடுத்தவங்க வீடு. எல்லாம் பூட்டியிருக்கு. இந்த பஸ் போற வழியில கிடங்குக்குப் பின்னால இருக்கே, அந்தத் தெருக்கோடி வீட்ல பின்சன்னல் கொக்கி மட்டும்தான் விழல, அதையும் சரி பண்ணச் சொல்லி மூணு தடவ எழுதிட்டேன். ஒருத்தனும் காதுல வாங்கல."

அதை ஏன் சொன்னேன் என்று கேட்பீர்கள். அலுவலகத்தின் மேல் இருந்த கடுப்பில் சொன்னேன். வேறொன்றும் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அந்தத் தெருக்கோடி வீட்டின் கதவைத் திறந்தேன். ஒரு பக்கம் காலி மனை, எதிரே ஒரு கிடங்கின் முதுகுச்சுவர். சாவியோசை உள்ளே போயிற்று. மாடியைத் தொட்டது, கூடத்தைத் தொட்டது, நடைவழியில் கொஞ்சம் தங்கிவிட்டுத் திரும்பியது. செருப்பைக் கழற்றிவிட்டுக் குளியலறைக்குப் போனேன். தரை ஈரம். குழாயில் துணிநாடா தொங்கியது. இரண்டு சுற்று, ஒரு மடிப்பு. இழுத்தால் அவிழும் முடிச்சு.

திருடன் என்றால் நான் அலறிக்கொண்டு ஓடியிருப்பேன். போனால் என் உயிர் மட்டும்தான் போயிருக்கும். இது அப்படியில்லை. அக்கா அதை உருவ மறந்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பதினொரு வயதிலேயே மறக்காதவள் முப்பது வயதில் மறப்பாளா? எனக்குத் தெரியட்டும் என்று விட்டு வைத்திருந்தாள். 'நீ பார்த்துக்கொள்ளும் வீடு, எனக்குப் பயமில்லை' என்று அர்த்தம்.

நடைவழியில், குளியலறைக்கு எதிரே, தலைக்கு மேல் ஒரு பரண். இரண்டு மரக்கதவு. அதற்குக் கீழே வந்து நின்றேன். மேலே பார்க்கவில்லை. மேலே ஒருத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயால் மெல்ல மூச்சு விடுவது எனக்குத் தெரிந்தது. ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால் இறங்கி வருவாள். இறங்கி வந்தால் எனக்கு ஓர் அக்கா இருப்பாள், அவளை எங்கேயாவது வைத்துக்கொள்ள வேண்டும், யார் என்று கேட்பார்கள், எங்கே வளர்ந்தீர்கள் என்று கேட்பார்கள். காலி வீட்டுக்குள் ஆள் புகாமல் பார்க்க, காலி வீட்டில் புகுந்து வளர்ந்த ஒருத்தியையா வைத்தோம் என்று சிரிப்பார்கள். படிவத்தைச் சுவரில் வைத்து 'இல்லை' என்று எழுதினேன். எழுத்து அன்றுகூட நன்றாகத்தான் வந்தது.

இப்படி ஐந்து செவ்வாய்க்கிழமைகள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் எனக்குச் சாப்பாடு இறங்காது. யாராவது அந்த வழியாகப் போய்ச் சன்னலில் நிழலைப் பார்த்துவிட்டால்? பூட்டு சார் திடீரென்று சோதனைக்குப் போய்விட்டால்? அதற்கிடையில் அக்கா என்ன செய்தாள் தெரியுமா? வீட்டைச் சுத்தம் செய்தாள். சும்மா இருக்கத் தெரியாதவள். என் படங்களில் தரை பளபளத்தது. கூட்டத்தில் பூட்டு சார் அந்தப் படங்களைத் திரையில் போட்டுக் காட்டினார்.

"ஆறு மாசம் பூட்டின வீடு, பாருங்க. மூலையில ஒரு ஒட்டடை இல்ல. இந்தப் பொண்ணு வீட்ல மட்டும் பேய் வந்து பெருக்கிட்டுப் போகுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆறாவது வாரம் வீடு விலைபோனது. வாங்கியவர் இரண்டு மாதம் கழித்து இடித்துக் கட்டப்போகிறார். அதுவரை யாரும் புகாதபடி கதவு சன்னல் எல்லாவற்றையும் இரும்புத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். அதற்கும் விதிகள் உண்டு. மூன்று நாளுக்கு முன்பே மூன்று இடத்தில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். மூடுகிற அன்று சாட்சி வைத்துக்கொண்டு மூன்று முறை குரல் கொடுக்க வேண்டும். பதில் இல்லையென்றால் தண்ணீரை நிறுத்தி மூட வேண்டும். விதிகளை நான் எழுதவில்லை. ஆனால் எல்லாவற்றையும் செய்தேன். படங்கள் உங்களிடம் இருக்கின்றன.

அறிவிப்பை என் கையாலேயே எழுதினேன். அச்சடித்த தாள் தீர்ந்திருந்தது. 'இந்த வீடு வியாழக்கிழமை மூடப்படும். உள்ளே இருப்பவர்கள் அதற்கு முன் வெளியேறவும்.' வாசற்கதவில் ஒன்று, பின்சன்னலில் ஒன்று, பரணுக்கு நேர் கீழே நடைவழிச் சுவரில் ஒன்று. இதைவிட ஒருவருக்கு எப்படித் தெரியப்படுத்த முடியும்?

வியாழக்கிழமை பகல் பதினொரு மணி. பூட்டு சார், தகடு பற்றவைக்கும் வெல்டர் அண்ணன், நான். உள்ளே போனபோது சுவரில் அறிவிப்பு இல்லை. ஒட்டின தடம் மட்டும் நான்கு மூலையில் இருந்தது. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அறிவிப்பை எடுத்திருக்கிறாள், அப்படியென்றால் போய்விட்டாள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

"நீயே கூப்பிடும்மா" என்றார் பூட்டு சார். "பொம்பளக் குரல்னா பயப்படாம வருவாங்க."

நடைவழியில் நின்று, உரத்த குரலில் கேட்டேன். "உள்ள யாருங்க?"

படிவத்தில் 'யாராவது இருக்கிறீர்களா' என்றுதான் இருக்கிறது. என் வாயில் இப்படித்தான் வந்தது.

இரண்டாம் முறை கேட்டபோது மேலே மரம் லேசாக முனகியது. ஒரு முழங்கால் இடம் மாறுகிற அளவுதான்.

"ஏதோ சத்தம் கேட்டுச்சே, தங்கச்சி" என்றார் வெல்டர் அண்ணன்.

"எலிண்ணே."

"எலிய வச்சு மூடினா நாறுமே."

"நாறினா என்னய்யா, இடிக்கத்தான போறாங்க" என்றார் பூட்டு சார்.

மூன்றாம் முறையும் கேட்டேன். "உள்ள யாருங்க?" பதில் இல்லை. பதில் சொல்லியிருக்கலாம். யாரும் அவள் வாயைப் பொத்தியிருக்கவில்லை. நாங்கள் வெளியே வந்தோம். தண்ணீர்க் குழாயின் திருகை நான்தான் மூடினேன், ஏனென்றால் பூட்டு சாருக்குக் குனிந்தால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். வெல்டர் அண்ணன் நன்றாக வேலை செய்தார். மூன்று மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமையும் போனேன். மூடிய வீட்டுக்கு வெளிச்சோதனை மட்டும்தான். வெயிலில் தகடு சூடேறியிருந்தது. வாசல் தகட்டின் அருகே நின்று படம் எடுக்கக் கைப்பேசியைத் தூக்கினேன். என் செருப்பு ஓசை அவளுக்குத் தெரியும்.

விரல் முட்டியால் இரண்டு தட்டு. பலமாக இல்லை. பிறகு குரல், தகட்டில் வாயை வைத்துப் பேசுவது போல.

"குட்டி. நான்தான்."

தெருவில் ஓர் ஆள் இல்லை. எதிரே கிடங்குச் சுவர்.

"கூட யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. எங்கள் சட்டப்படி, வெளியே இருப்பவள் 'நான்தான்' என்று சொல்லாவிட்டால் பக்கத்தில் வேற்றாள் நிற்கிறான் என்று பொருள். மூச்சு விடக் கூடாது. அவள் தட்டுவதை நிறுத்திவிட்டாள். நான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று.

அவள் கத்தியிருந்தால் நான் திறக்கச் சொல்லியிருப்பேன். இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். கட்டாயம் சொல்லியிருப்பேன். அவள் கத்தவில்லை.

படிவத்தில் 'சத்தம்' என்ற இடத்தில் 'எலி' என்று எழுதினேன். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை 'சத்தம்: இல்லை' என்று எழுதினேன். அது உண்மைதான். அதன் பிறகு நான் எழுதிய எல்லாமே உண்மை.

இடிக்க வந்தவர்கள் உங்களைக் கூப்பிட்டார்கள். நேற்று நீங்கள் அந்த அறிவிப்புத் தாளை மேசையில் வைத்துக் காட்டினீர்கள். நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்திருந்தாள் என்றீர்கள். அறிவிப்பைப் படித்துவிட்டும் இருந்திருக்கிறார், பிடிவாதக்காரி போல என்று உங்கள் உதவியாளர் சொன்னார். அதையும் திருத்திக்கொள்ளுங்கள். அக்காவுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. இரண்டு பேரில் ஒருத்தியைத்தான் பள்ளிக்கு அனுப்ப முடியும் என்று அம்மா சொன்னபோது, தனக்குப் படிப்பு ஏறாது என்று பொய் சொன்னவள். எழுத்துத் தெரியாதே தவிர, என் எழுத்து அவளுக்குத் தெரியும். என் பள்ளி நோட்டுகளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் பார்ப்பாள். குட்டி தனக்கு ஏதோ எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறது என்றுதான் அதை எடுத்து வைத்திருப்பாள்.

மூன்று நாள் முன்பே தெரியப்படுத்தினேன். மூன்று முறை கேட்டேன். விதியில் எந்த இடத்திலும் நான் தவறவில்லை என்று எழுதத்தான் காகிதம் கேட்டேன். எழுதி வரும்போது இவ்வளவு தூரம் வந்துவிட்டது.

உங்கள் படிவத்தின் கடைசி வரியில், 'இதைச் செய்தவர் யார்' என்பதற்கு எதிரே, பெயரை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். பெயரைச் சொல்கிறவர்கள் வேற்றாள், மேடம். அந்த வீட்டின் கதவு இப்போது திறந்துதான் கிடக்கிறது, இனிச் சொல்லி எதுவும் ஆகப்போவதில்லை. இருந்தாலும் ஒருமுறையாவது சொல்லிவிடுகிறேன்.

நான்தான்.